செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, ஸ்டீயரிங் பிடித்து உழைத்து முதலாளியான மூத்தவர்களே, நம் லாரி உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கும், சாலையில் உயிர்விட்ட ஓட்டுநர் தம்பிகளுக்கும் முதலில் அஞ்சலி செலுத்துகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். வாடகை, சுங்கக் கட்டணம் பற்றிய மனுக்களைத் தலைவர் தம் உரையில் சொல்வார். என் அறிக்கையில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குத்தான்: செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், எடுக்காமல் வழியில் நிற்கும் நம் பழைய லாரிகள்.

பி.எஸ். 3 என்ற பழைய புகை விதிப்படி வந்த வண்டிகளின் விற்பனை 2017 ஏப்ரல் 1 முதல் நின்றுபோனது. அதற்கு முன் வாங்கிய, சாதாரண டீசல் பம்ப்பில் ஓடும் பம்ப் வண்டிகளை வைத்துத்தான் சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு வண்டி, இரண்டு வண்டிக்காரர்கள் பிழைக்கிறோம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் அங்கே ஓடியாக வேண்டும். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. வயரிங்கும் பேட்டரியும்தான் நம்மைப் படுத்துகின்றன.

திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடை இருப்பதால் நம் வண்டிகள் மலையடிவாரத்தில் உள்ள பண்ணாரி சோதனைச்சாவடியில் வரிசையில் விடிய விடிய நிற்கின்றன. பார்க்கிங் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, செல்போன் சார்ஜ் ஏறுகிறது. காலை 6 மணிக்கு வழி திறந்ததும் சாவியைத் திருப்பினால் ‘டக’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ஓட்டுநர் முதலாளிக்குப் போன் போடுகிறார். முதலாளி ‘பேட்டரி போச்சு, புதுசு போடு’ என்கிறார். இப்படிப் போட்ட புது பேட்டரி இரண்டு மாதத்தில் மறுபடி இறங்கிய கதையை நம் அலுவலகத்தில் பலரும் வந்து சொன்னார்கள். இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று குழு முடிவெடுத்து, லாரி நிறுத்துமிடத்திலேயே ஓட்டுநர்களுக்கும் முதலாளிகளுக்கும் பயிற்சி வகுப்பு நடத்தினோம். இந்த ஆண்டின் மிக முக்கியமான பணி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாடம் எடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கரும்பலகை கேட்கவில்லை. ஸ்டார்ட் ஆகாமல் நின்ற ஒரு பத்து டயர் வண்டியைக் கேட்டார். பேட்டரி இரண்டையும் அளந்தார். 25.2 வோல்ட்டுக்கு மேலே காட்டியது, அதாவது சார்ஜ் முழுதாக இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். லைட் அப்படியே செத்துப்போனது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுனையை அதைக் கவ்வியிருந்த கிளாம்ப்பிலும் வைத்தார். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருப்பவை, நடுவில் அரை அங்குலம்கூட இல்லை. மறுபடி செல்ஃப் அடித்தபோது அந்த இடத்தில் மட்டும் 3 வோல்ட் காட்டியது. ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாத இடம் அது. கிளாம்ப்பைக் கழற்றினால் வெளியே பளபளப்பு, உள்ளே சாம்பல் நிறப் பொடி. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். வண்டி முதல் அடியிலேயே எடுத்தது. அந்த முதலாளி புது பேட்டரி வாங்கக் கிளம்பியவர்.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது, இன்ஜினையும் சேஸையும் இணைக்கும் பின்னல் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அல்லது பெயின்ட் மேலேயே முடுக்கிவிடுகிறார்கள். செல்ஃப் இழுக்கும் கரண்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியர். நேர்வழி இல்லையென்றால் அது ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பும். கேபிள் சூடாகிறது, உறை உருகுகிறது. அதற்கும் புது கேபிள்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

வகுப்பில் எல்லோரும் ஆர்வமாகக் கேட்டது சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்வது. ‘டகடகடக’ என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையேல் டெர்மினல் லூஸ். ஒரே ‘டக்’ மட்டும் வந்து, லைட்டும் குறையாமல் இருந்தால் செல்ஃப் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், செல்ஃபுக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான சொலினாய்டின் காண்டாக்ட் கருகியிருக்கலாம். சுத்தியால் தட்டினால் எடுக்கிறதே என்று மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே ஓட்டாதீர்கள். அது கழற்றிப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. ‘விர்ர்’ என்று செல்ஃப் மட்டும் சுற்றினால் அதை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரமான பென்டெக்ஸையோ ஃப்ளைவீல் பல்லையோ பாருங்கள். சத்தமே இல்லாமல் லைட் பளிச்சென்று எரிந்தால் சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர், இந்த வரிசையில், கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் போங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், நம் பம்ப் வண்டிகளில் அது பெரும்பாலும் கரண்ட் கோளாறே அல்ல: டீசல் வரவில்லை, ஏர் பிடித்திருக்கிறது, அல்லது இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பவில்லை. அப்போது செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் சேர்ந்து போகும். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சாக அடிக்க வேண்டாம், நடுவே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

கீழே குனிந்து ஸ்பேனரை வைத்து சொலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கத்தை இந்த மன்றத்தில் கைகூப்பிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். வண்டி கியரில் இருந்தால் கீழே இருப்பவர் மேலேயே ஏறும். ஒரு ஸ்டார்ட்டுக்காக ஒரு குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது.

பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதில் குழுவில் காரசாரமாக விவாதம் நடந்தது. ஓட்டுநர்களைக் குறை சொல்வது சுலபம். 24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கின்றன. பாட்டுக் கேட்கும் டேப்புக்கும் ஃபேனுக்கும் 12 வோல்ட் வேண்டி ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுக்கிறார்கள். அந்தப் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது, மற்றொன்று ஓவர்சார்ஜில் கொதிக்கிறது, கடைசியில் இரண்டும் போகின்றன. ஆனால் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நம் பழைய வண்டியில் வேகும் தம்பிக்கு ஒரு ஃபேன்கூட வேண்டாமா? 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை வாங்கி மாட்டுவது முதலாளியின் கடமை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. உறுப்பினர்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

சார்ஜிங் சரிதானா என்று பார்க்க, இன்ஜினைச் சற்று ரேஸ் செய்து அளந்தால் 27.5-லிருந்து 28.5 வோல்ட் வர வேண்டும். 29.5-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. சார்ஜே ஏறவில்லை என்றால், இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள், டேஷ்போர்டில் சார்ஜிங் லேம்ப் பல்பையும் பாருங்கள். பல வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்நேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃப்யூஸ் என்றால் சார்ஜிங் தொடங்காது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையையும் நிறுத்த வேண்டும், ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடும். பாடி வெல்டிங் செய்யும்போதும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

லைட் விஷயம் உயிர் விஷயம். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் டெயில் லேம்ப் இல்லாமல் நிற்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதென்றால் அந்த லேம்ப்புக்கு எர்த் சரியில்லை, வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஃப்யூஸ் போன இடத்தில் செம்புக் கம்பி சுற்றுவது தீ வைப்பதற்குச் சமம். கூடுதல் லைட் போட்டவர்கள் ரிலேயும் ஃப்யூஸும் சேர்த்துப் போட வேண்டும்.

பேட்டரி உண்மையிலேயே போயிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே ஆம்பியரில் மாற்றுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதைச் சரிபாருங்கள். பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் போனால் அந்த நஞ்சு நம் ஊர்க் கிணற்றில்தான் இறங்கும்.

சங்கத்தின் சார்பில் வாங்கிய மல்டிமீட்டர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிள் ஆகியவை அலுவலகத்தில் உள்ளன. பதிவேட்டில் கையெழுத்திட்டு உறுப்பினர்கள் எடுத்துச் செல்லலாம். ஜம்பர் போடும்போது கடைசி எர்த் கிளிப்பை பேட்டரியில் போடாமல், தள்ளி சேஸில் போடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு பொறி பட்டால் வெடிக்கும்.

வரும் ஆண்டில் மழைக்காலத்துக்கு முன்பே இரண்டாவது வகுப்பை நடத்தவும், பண்ணாரி வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை, குடிநீர் வசதி கேட்டு மனு கொடுக்கவும் குழு பரிந்துரைக்கிறது. கூலி வாங்காமல் பாடம் எடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், சோதனைக்கு வண்டி கொடுத்த உறுப்பினருக்கும், வகுப்பு நாளில் அனைவருக்கும் சாப்பாடு போட்ட குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்