பேர்போன புத்தகத்துக்குப் பக்கத்தில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். நல்ல மழை, பழையாறு நிறைந்து ஓடுகிறது. சின்னவள் பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், எனக்கு அதில் சந்தோஷம், வீட்டில் மற்றவர்களைச் சம்மதிக்க வைக்கிற வேலைதான் பாக்கி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிக்கப் புத்தகம் சொல்லு, ஆனால் எல்லாரும் சொல்லுகிற அந்தப் பத்துப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். இதற்கு எனக்கு ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. கவனிப்பாரில்லாமல் கிடக்கிற புத்தகத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நமக்கு நன்றாகத் தெரிந்த எழுத்தாளரையே எடு, அவருடைய பேர்போன புத்தகத்தைத் தாண்டி அதற்குப் பக்கத்தில் நிற்கிறதை உருவு. பெரும்பாலும் நல்லது அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் ஒரு புத்தகம் பேர் வாங்கிவிட்டால் அந்த ஆளைப் படித்து முடித்தாயிற்று என்று எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

கே.கே. பிள்ளையையே பார். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் கையிலெல்லாம் அவருடைய ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ இருக்கிறது. அதே மனிதர் சுசீந்திரம் கோயிலைப் பற்றி மட்டும் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார், 1953-ல் வந்தது. நம்ம ஊரில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்? மார்கழித் தேரோட்டத்துக்குப் போய் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, இசைத்தூணில் காதை வைத்துவிட்டு வருவோமே, அந்தக் கோயில்தான். அதை ஒரு காலத்தில் யோகக்காரர்கள் என்ற பிராமண நிர்வாகக் குழுவினர் எப்படி நிர்வாகம் பண்ணினார்கள், நிலம் யார் கையில் இருந்தது, பிறகு திருவிதாங்கூர் அரசு எப்படி உள்ளே வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. கைமுக்கு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாய். நடத்தை தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கிற நெய்யில் கையை விடச் சொல்லி, கை வெந்ததா இல்லையா என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லுகிற வழக்கம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் அது நின்றது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற அதே இடத்தில் இது நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் கோயிலை எனக்குப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

கவிமணி விஷயமும் இப்படித்தான். குழந்தைப் பாட்டோடு அவரை விட்டுவிட்டோம். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ படித்துப் பார். ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி தான் படுகிற பாட்டைச் சொல்லி அழுகிற மாதிரி போகிறது, ஆனால் படிக்கப் படிக்கச் சிரிப்பும் வருகிறது, சிரித்த அடுத்த வரியில் நெஞ்சு அடைக்கிறது. சொத்து முழுக்க மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு, பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது என்ற முறை ஒரு அடுக்களைக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை எந்த வரலாற்றுப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. 1920-களில் சட்டம் வந்து அந்த முறை மாறியது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த கண்ணீரைத் தெரிந்துகொள்ள இதைத்தான் படிக்க வேண்டும்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது ஹெப்சிபா ஜேசுதாசனை. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ‘புத்தம் வீடு’ 1964-ல் வந்தது. இலக்கியம் பேசுகிறவர்களுக்கு அதன் பெயர் தெரியும், ஆனால் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன்களிடம் கேட்டால் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. அது அவர்களுடைய பாட்டன் கதை. நொடித்துப்போன ஒரு பெரிய வீடு, அதில் பெரிய மனுஷியானதும் படிப்பு நின்று வீட்டோடு அடைபடுகிற லிஸி, வெளியே பனையேறி மகன் தங்கராஜ். இரண்டு பேரும் ஒரே சாதிதான், ஆனாலும் பனை ஏறுகிறவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். இடுப்பில் குடுவையும் பாளை அரிவாளுமாக விடியற்காலையில் மரம் மரமாக ஏறி இறங்குகிற ஆளை, அவன் இறக்கித் தருகிற அக்கானியை, பதநீரைக் குடித்து வளர்ந்த வீடே முற்றத்துக்கு அப்பால் நிறுத்துகிறது. இதை ஹெப்சிபா கத்திச் சொல்லவில்லை. சின்னச் சின்ன வாக்கியம், நம்ம ஊர்ப் பேச்சு, அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் படித்துவிடலாம். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அதோடு நிறுத்திவிடாதே. ‘டாக்டர் செல்லப்பா’, ‘அநாதை’, ‘மா-னீ’ என்று இன்னும் மூன்று நாவல் இருக்கிறது. ‘மா-னீ’ பர்மாவைப் பின்னணியாகக் கொண்டது, அவர் பிறந்ததே அங்கேதான். இவற்றைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

திருப்பதிசாரத்து மா. அரங்கநாதனையும் படி. ‘பறளியாற்று மாந்தர்’ என்ற நாவலும் உண்டு, ஆனால் நான் சிறுகதைகளில் தொடங்கச் சொல்லுவேன். முத்துக்கறுப்பன் என்ற பெயர் கதைக்குக் கதை வரும், ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக, ஆனாலும் ஏதோ ஒரே ஆள் போல. முதல் வாசிப்பில் பிடிபடாது. பொறுமையாக இருந்தால் அந்தக் கதைகள் உன்னை விடாது.

கதை இல்லாத புத்தகம் வேண்டும் என்றால் நாட்டார் வழக்காறு எழுதுகிற அ.கா. பெருமாள். ‘சுண்ணாம்பு கேட்ட இசக்கி’ என்ற தலைப்பைப் பார்த்தாலே கையில் எடுத்துவிடுவாய். நம்ம மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்துக்காரர்கள் வீட்டுக்குள் மராத்தி பேசுகிறவர்கள் என்பது எனக்கு அவர் எழுதித்தான் தெரியும். கடற்கரை பற்றி வறீதையா கான்ஸ்தந்தின் எழுதியவற்றைத் தேடி வாங்கு, அவரே கடற்கரை ஊரில் பிறந்தவர். 2017 ஒக்கிப் புயல் சமயத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று டிவியில் ஊர்ப் பெயர் ஓடியதே, இரண்டு வாரத்தில் எல்லாரும் மறந்தும் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் கடலை எப்படிப் படிக்கிறார்கள் என்று அவரிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘புத்தம் வீடு’ காலச்சுவடு மறுபதிப்பில் வந்திருக்கிறது, நீ வரும்போது என் பிரதியைத் தருகிறேன். சுசீந்திரம் புத்தகத்துக்கு நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன், கல்லூரி நூலகங்களிலும் விசாரிக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உன் அப்பச்சி வீட்டு மச்சில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய புத்தகமும் சபைப் பத்திரிகையும் கிடந்ததே, அது இன்னும் இருக்கிறதா? வீட்டை இடித்துக் கட்டப் போவதாக உன் தம்பி சொன்னான். தயவுசெய்து அவனிடம் போனில் சொல்லிவிடு, பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்,
கோட்டாறு