கண்ணாடி போடுகிறவர்கள் எந்தப் பார்வைத்துண்டை வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிதாகத் தொலைநோக்கி வாங்குவோருக்காகக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆடியின் விட்டம், குவியத்தூரம், தாங்கி எல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் பார்வைத்துண்டை (கண் வைத்துப் பார்க்கும், கழற்றி மாற்றக்கூடிய வில்லைக் குழல், ‘ஐபீஸ்’) பெரிதாக்கத்தை மட்டும் வைத்துத் தெரிவு செய்யலாம் என்று அதில் சொன்னது மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பொருந்தாது. அப்படி வாங்கினால் காசும் போகும், வானமும் சரியாகத் தெரியாது.

கடைக்குப் போகுமுன் கண் பரிசோதித்தபோது தந்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ‘எஸ்.பி.எச்.’ என்ற கட்டத்தில் மட்டும் எண் இருந்தால் உங்களுடையது வெறும் குறும்பார்வை அல்லது தூரப்பார்வை. அதைத் தொலைநோக்கியின் குவியத் திருகே சரிசெய்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகினால் போதும். −4 பார்வை உள்ளவர் 25 மி.மீ. பார்வைத்துண்டை உள்ளே தள்ள வேண்டியது ஏறத்தாழ இரண்டரை மி.மீ. மட்டுமே. வாசிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடும் மூத்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஏனென்றால் தொலைநோக்கி தரும் உருவம் தூரத்துப் பொருளைப் போலத்தான் கண்ணுக்கு வந்து சேருகிறது.

‘சி.வை.எல்.’ கட்டத்தில் எண் இருந்தால் அது அஸ்டிக்மாட்டிசம், அதாவது கண் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திராத குறை. இதைக் குவியத் திருகு தீர்க்காது. எவ்வளவு திருகினாலும் நட்சத்திரம் புள்ளியாகாமல் கோடாகவோ சிலுவையாகவோ நிற்கும். குறை உங்கள் கண்ணில்தானா என்று அறிய, கண்ணாடி இல்லாமல் குறைந்த பெரிதாக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்த்தபடி தலையை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கோடும் கூடவே சாய்ந்தால் குறை கண்ணில். பார்வைத்துண்டைச் சுழற்றும்போது கோடு சுழன்றால் பார்வைத்துண்டில். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஆடிகளின் சீரமைப்பைச் சோதிக்க வேண்டும்.

அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களும் எல்லாப் பார்வைத்துண்டிலும் கண்ணாடியோடு பார்க்க வேண்டியதில்லை. பார்வைத்துண்டிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம்தான் இதைத் தீர்மானிக்கிறது. பார்வைத்துண்டின் குவியத்தூரத்தை (அதன் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) தொலைநோக்கியின் எஃப் எண்ணால் (தொலைநோக்கியின் குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது) வகுத்தால் அந்த அகலம் கிடைக்கும். 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள டொப்சோனியன் (எளிய சுழல் பெட்டித் தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) எஃப் 6. அதில் 32 மி.மீ. துண்டு 5.3 மி.மீ. வட்டம் தரும், 12 மி.மீ. துண்டு 2 மி.மீ., 6 மி.மீ. துண்டு 1 மி.மீ. ஒளி கண்மணியின் நடுவிலுள்ள சிறு பகுதியால் மட்டும் நுழையும்போது கண்ணின் வளைவுக் குறை அதைப் பெரிதாகக் கெடுக்காது. எனவே 1 மி.மீ. அளவில் பெரும்பாலானோர் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். 2 மி.மீ.க்கு மேலே போகப் போகக் கண்ணாடி தேவைப்படும்.

கண்ணாடியோடு பார்ப்பதற்குத் தேவையானது ஐ ரிலீஃப். முழுக் காட்சியும் தெரிய, கடைசி வில்லையிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம் அது. மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து 12 முதல் 14 மி.மீ. வரை தள்ளி நிற்கிறது. அதன் தடிப்பையும், கண்மணி கருவிழிக்குச் சற்று உள்ளே இருப்பதையும் சேர்த்தால் 17, 18 மி.மீ. வந்துவிடும். அதனால்தான் 20 மி.மீ. என்று தேடச் சொல்கிறார்கள். 15க்குக் கீழே போனால் சாவித் துவாரத்தால் பார்ப்பது போல ஓரங்கள் மறைந்துவிடும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ‘ப்ளோசல்’ என்ற சாதாரண பார்வைத்துண்டு வகையில் ஐ ரிலீஃப் குவியத்தூரத்தின் 70 சதவீதம் அளவில் இருக்கும். 32 மி.மீ. ப்ளோசலில் 22 மி.மீ. கிடைக்கும், கண்ணாடிக்குத் தாராளம். 25இல் 17 மி.மீ. அளவு, ஓரளவு சமாளிக்கலாம். 10இல் 7 மி.மீ.தான். மலிவான தொலைநோக்கிகளோடு வரும் ‘எஸ்.ஆர். 4’ என்ற 4 மி.மீ. துண்டில் இமை மயிர் வில்லையில் உரசும், அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் பணத்தை எங்கே செலவழிப்பது என்பது தெளிவாகிவிடும். குறைந்த பெரிதாக்கத்தில் மலிவான 32 மி.மீ. ப்ளோசலே கண்ணாடிக்கு இடம் தருகிறது. உயர்ந்த பெரிதாக்கத்தில் கண்ணாடி பெரும்பாலும் தேவையில்லை. சிக்கல் நடுவில், எஃப் 6 தொலைநோக்கிக்கு 12 முதல் 18 மி.மீ. வரை. நீண்ட ஐ ரிலீஃப் உள்ள விலையுயர்ந்த துண்டு ஒன்றை வாங்குவதானால் அந்த இடத்துக்கு வாங்குங்கள். விக்சன் எஸ்.எல்.வி., பென்டக்ஸ் எக்ஸ்.டபிள்யூ., டெலிவியூ டெலோஸ் ஆகிய வரிசைகள் 20 மி.மீ. தருகின்றன. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்கு 25 மி.மீ. ப்ளோசலோடு 2 மடங்கு பார்லோ வில்லை (பார்வைத்துண்டுக்கு முன்னால் பொருத்திப் பெரிதாக்கத்தை இரட்டிப்பாக்கும் வில்லை) ஒன்று போதும். அது 12.5 மி.மீ. ஆகிவிடும், ஐ ரிலீஃப் குறையாது, உண்மையில் சற்றுக் கூடும்.

நம் மலையகத்தில் இந்த நடு இடம் முக்கியமானது. தென்மேல் பருவக்காற்று ஹற்றன், நுவரெலியாப் பக்கத்தை மூடியிருக்கும் ஜூன் மாதத்தில் ஊவாவில் மழை குறைவு. ஜூன் நடுவில் இரவு 8 மணியளவில் அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து தெற்கே பார்த்தால் ஒமேகா சென்டோரி சுமார் 35 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தலைகாட்டாத அந்த நட்சத்திரக் கொத்தை 100 மடங்கு அளவில் (1200ஐ 12ஆல் வகுத்தால் 100) தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கத் தேவைப்படுவது இந்த நடுத்தரத் துண்டுதான். கண்ணாடி இல்லாத அஸ்டிக்மாட்டிசக் கண்ணுக்கு அது மங்கிய பஞ்சாகவே தெரியும். அது பெரிய இழப்பு.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. சில துண்டுகளில் கடைசி வில்லை விளிம்பிலிருந்து பல மி.மீ. உள்ளே புதைந்திருக்கும். பகலில் தொலைநோக்கியைச் சூரியனுக்கு எதிர்த்திசையில் வெளிச்சமான வானத்துக்குத் திருப்புங்கள் (சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்ப வேண்டாம்). பார்வைத்துண்டின் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, ஒளிவட்டம் மிகக் கூர்மையாகத் தெரியும் வரை முன்பின் நகர்த்துங்கள். மடித்துவிட்ட றப்பர் விளிம்பிலிருந்து தாள் வரை உள்ள தூரமே உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் இடம்.

றப்பர் விளிம்பை மடிக்க முடியாத, வெறும் உலோக விளிம்புள்ள துண்டை வாங்காதீர்கள். இன்றைய மூக்குக்கண்ணாடி வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஒரே இரவில் கீறல் விழுந்துவிடும். மாறாக, நீண்ட ஐ ரிலீஃப் உள்ள துண்டைக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பவர் விளிம்பை உயர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காட்சியில் கரிய நிழல்கள் வந்து வந்து போகும். புரோகிரசிவ், பைஃபோக்கல் கண்ணாடிகளும் தொல்லை, ஏனெனில் தலை சற்று அசைந்தாலும் குவியம் மாறும். தூரத்துக்கு மட்டுமான சாதாரண கண்ணாடி ஒன்றை இதற்கெனச் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

குளிர் இரவில் மூச்சுக்காற்று கண்ணாடியிலும் பார்வைத்துண்டிலும் படியும். பயன்படுத்தாத துண்டை மூடி போட்டுச் சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். படிந்த ஈரத்தைத் துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூடியைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

பாடசாலை வானியல் கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றினால் ஒவ்வொருவருக்கும் மறுபடி குவியம் பார்க்க வேண்டும், இருட்டில் கண்ணாடியும் தொலையும். அந்த இரவுகளுக்கு 32 மி.மீ. ப்ளோசலைப் போட்டு, றப்பர் விளிம்பை மடித்துவிட்டு, எல்லோரையும் கண்ணாடியோடே பார்க்க விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்டாரவளை.