படத்தில் பச்சைக் குவிமாடமும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் கேட்வே ஆர்ச்சுக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தீர்கள். 630 அடி உயர வளைவு, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே படத்தில் வளைவுக்கு நடுவே தெரியும் பச்சைக் குவிமாடத்தைக் கட்டுரையாளர் 'பழைய கோர்ட்டுக் கட்டடம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். முப்பது வருடம் முன்சீப் கோர்ட்டில் கேஸ் கட்டு சுமந்தவனுக்கு மனசு கேட்கவில்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டடத்திலேயே கிடந்தேன். செயின்ட் லூயிஸ் கவுன்டியின் கோர்ட்டாக இருந்தது அது. கவுன்டி என்றால் நம் ஜில்லா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மனையை 1816-ல் லூக்காஸ், சூட்டோ என்ற இருவர் 'என்றைக்கும் கோர்ட்டுக்கே' என்ற நிபந்தனையோடு தானமாக எழுதிக் கொடுத்தார்கள். இப்போது நிற்கும் கட்டடத்தை 1839-ல் ஆரம்பித்து, குவிமாடம் ஏறி முடிய 1862 ஆகிவிட்டது. சிலுவை வடிவத்தில் நான்கு சிறகுகள், வாசலில் கிரேக்கப் பாணித் தூண்கள். குவிமாடம் மட்டும் ரோமாபுரி பேதுரு ஆலயத்தின் சாயலில், இரும்பால் ஆனது. அதை வடிவமைத்த ரம்போல்டை முதலில் பலர் நம்பவில்லையாம். சின்ன மாதிரி ஒன்று செய்து அதன்மேல் இரும்புக் கட்டிகளை ஏற்றித் தாங்கும் என்று காட்டினார்.

சரி, எனக்குச் சொல்ல வேண்டியது வழக்கைப் பற்றி. அடிமைகளாக இருந்த டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846-ல் விடுதலை கேட்டு மனுப் போட்டது இந்தக் கோர்ட்டில்தான். அடிமை முறை இல்லாத பகுதிகளில் எஜமானர் தங்களைக் கொண்டுபோய் வைத்திருந்ததால் தாங்கள் சுதந்திரர்கள் என்பது வாதம். 1847-ல் தோற்றார்கள். காரணம் என்ன தெரியுமா? இறந்துபோன எஜமானரின் மனைவியான எஜமானியம்மாவின் உடைமைதான் இவர்கள் என்பதற்கு வந்த சாட்சி, தனக்கு நேரடியாகத் தெரியாது, மனைவி சொல்லிக் கேட்டதுதான் என்றுவிட்டார். கேள்விச் சாட்சி செல்லாது! இப்படிக் கவிழ்ந்த கட்டுகள் எத்தனையோ என் கையிலும் போயிருக்கின்றன.

மறுவிசாரணை நடந்து, 1850-ல் ஜூரிகள் 'இவர்கள் சுதந்திரர்கள்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். பலருக்கு இது தெரியாது. அதைக் கவிழ்த்தது 1852-ல் மிசூரி மாநில உச்ச நீதிமன்றம். அப்புறம் 1857-ல், கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று எழுதியது வாஷிங்டனில் இருந்த உச்ச நீதிமன்றம். பழி மட்டும் செயின்ட் லூயிஸ் கட்டடத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்காக அதைப் புண்ணியத் தலமாக்கவும் நான் வரவில்லை. கடன்பட்டோ உயில் இல்லாமலோ செத்தவர்களின் சொத்தைப் பிரிக்க, இதன் கிழக்குப் படிகளில்தான் அடிமைகளை ஏலம் விட்டார்கள்.

1870-களில் நகரமும் கவுன்டியும் பாகம் பிரிந்தபோது கட்டடம் நகரத்தின் பங்காகப் போனது. 1930-ல் புதுக் கோர்ட்டு கட்டி எல்லோரும் கிளம்பிவிட, தானம் கொடுத்தவர்களின் வாரிசுகள் 'கோர்ட்டு இல்லையா, அப்போ மனையைத் திருப்பிக் கொடு' என்று கேஸ் போட்டுவிட்டார்கள்! அது பலிக்கவில்லை. 1940-லிருந்து தேசியப் பூங்கா சேவை பார்த்துக்கொள்கிறது. பெரிய பராமரிப்பு வேலை முடிந்து 2025 மே மாதம் மறுபடி திறந்தது.

ஸ்காட் வழக்கு நடந்த அறையைத் தேடினேன். அது இல்லை. மேல்மாடியின் பாரத்தைத் தாங்க 1850-களிலேயே நடுவில் சுவர் எழுப்பி நடைவழியாக்கிவிட்டார்கள். அந்த நடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்களிடம் தெற்கு வாசலுக்கு எதிரே நிற்கும் டிரெட், ஹாரியட் சிலையையும் ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கும்பகோணம்