திருப்பணி நிறைவு அறிக்கை: அளவும் செலவும்

நம் கோயிலின் மடப்பள்ளி, அன்னதானக் கூடம், தென்புற மதில் ஆகிய வேலைகள் அம்பாள் அருளால் நிறைவுற்றதை உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. அளவு மதிப்பீட்டாளருக்கு வழங்கிய ஊதியம் குறித்துப் பொதுக்குழுவில் பலரும் கேட்டதால், அதற்கு மட்டும் இங்கே விரிவாக விளக்கம் தருகிறோம்.

பொறியாளரின் வரைபடத்தைக் கான்கிரீட் எத்தனை கன மீட்டர், பூச்சு எத்தனை சதுர மீட்டர், கம்பி எத்தனை கிலோ என்று இனம் இனமாகப் பிரித்து, பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே உத்தேசத் தொகையைக் கணித்துத் தந்தவர் அவர். காட்பாடியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வந்த ஒப்பந்ததாரர்கள் ஒரே அளவுப் பட்டியலுக்கு விலை எழுதியதால்தான், எந்த இனத்தில் யார் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று குழுவால் பார்க்க முடிந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியிருந்தால் அது தெரிந்திருக்காது.

மணல் வரவில் அவர் காட்டிய கவனத்தை உறுப்பினர்கள் அவசியம் அறிய வேண்டும். லாரியின் உள்நீளம், அகலம், சுமையின் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, 100 கன அடி ஒரு யூனிட் என்று பதிவு செய்தோம். ஈர மணல் உப்பி நிற்கும். நுண்மணலானால் கால் பங்குக்கு மேலும் உப்பும். ஆகவே ஒவ்வொரு ஈர லோடிலிருந்தும் கண்ணாடிக் குவளையில் மணல் எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மட்டம் எவ்வளவு இறங்கியதோ அதற்கேற்பக் கழித்தே பணம் கொடுத்தோம்.

பூச்சு வேலைக்கான பில்லில், கதவுத் திறப்புகளின் பரப்பைப் பூச்சின் அளவிலிருந்து அறவே கழிக்கக் கூடாது என்று மேஸ்திரியும், இரு பக்கமும் கழிக்க வேண்டும் என்று நம் உறுப்பினர் சிலரும் வாதிட்டனர். கட்டட வேலைகளை அளக்கும் முறையைச் சொல்லும் இந்தியத் தர நிர்ணயம் 1200-இன்படி, அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்கு, இருபுறமும் ஒரே பூச்சானால் ஒரு பக்கத்தை மட்டுமே கழிப்பது முறை. மறுபக்கம் திறப்பின் ஓரங்களைப் பூசும் வேலைக்கு ஈடாகிறது. எனவே 1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள மடப்பள்ளிக் கதவுக்கு 2.1 சதுர மீட்டர் ஒருமுறை கழிக்கப்பட்டது. இரு தரப்பும் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டனர்.

மதிலை மேலும் ஓரடி உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கைக்கும், கூடுதல் செலவை மதிப்பீட்டாளர் எழுதித் தந்து, அதற்கு உபயதாரர் கிடைத்த பிறகே வேலையைத் தொடங்கினோம். உண்டியலில் ஏழைகள் இட்ட காசும் இதில் சேர்ந்திருப்பதால், இந்தக் கண்டிப்பு தேவை என்பதே குழுவின் உறுதியான கருத்து.

ஒப்பந்ததாரரின் பிடித்தத் தொகை (வேலையின் தரத்துக்குப் பிணையாக அவரது பில்லில் நிறுத்திவைத்த பணம்), வடகிழக்குப் பருவமழை முடிந்து, கூடத்தின் தளத்தில் ஒழுக்கோ சுவரில் ஓதமோ இல்லை என்று மதிப்பீட்டாளர் சான்று அளித்த பின்னரே விடுவிக்கப்படும். அளவுப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் கோயில் அலுவலகத்தில் உறுப்பினர்கள் பார்வையிடலாம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்