கப்பலில் எந்த அழைப்புக் குறி? வானொலி உரிமம் வழங்கும் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஹாம் வானொலியாளன் நான்; அதாவது, உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவன். பணி முடிந்த இரவுகளில் 14 மெகாஹெர்ட்ஸில் குரல்களைத் தேடி அமர்கிறேன். பேச வாயெடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி குறுக்கே நிற்கிறது: எந்த அழைப்புக் குறியை, அதாவது எழுத்தும் எண்ணும் கொண்ட எந்த அடையாளத்தை, சொல்வது?

சொந்தக் குறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'எம்எம்' (மேரிடைம் மொபைல், அதாவது கடலில் நகரும் நிலையம்) என்ற எழுத்துகளும் சேர்த்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். அந்த இரண்டு எழுத்துகள் நான் கடலில் இருப்பதைச் சொல்லும். யாருடைய சட்டத்தின் கீழ் இருக்கிறேன் என்பதைச் சொல்லாது. 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கைப்படி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் கப்பல் அதன் கொடி நாட்டின், அதாவது அது பதிவான நாட்டின், அதிகாரத்துக்கு உட்பட்டது. என் உரிமமோ வேறொரு நாடு தந்தது. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றின் கொடிகளைத் தாங்கிய கப்பல்களில் உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஹாம்கள் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். லைபீரியக் கப்பலில் என் குறிக்கு முன்னால் அந்நாட்டைக் காட்டும் 'ஈஎல்' முன்னொட்டு வர வேண்டுமா, வேண்டாமா?

ஒரு கொடி நாட்டின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். உரிமம் தந்த நாட்டைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. அங்கே கேட்டால், கொடி நாட்டைக் கேளுங்கள் என்றார்கள். அந்தக் கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

கரையில் இந்தக் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிட்டது. ஐரோப்பிய நிர்வாகங்கள் 1985இல் ஏற்ற டி/ஆர் 61-01 பரிந்துரையால், அதில் சேர்ந்த நாடொன்றுக்குப் போகும் ஹாம் அந்நாட்டின் முன்னொட்டைத் தன் குறிக்கு முன் சேர்த்துக்கொண்டு பேசலாம். அதே தெளிவைக் கடலுக்கும் கேட்கிறேன். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நீளக்கூடிய ஆட்சிக் கடலுக்குள் கப்பல் நுழையும்போது 'எம்எம்' நீங்க வேண்டுமா? நங்கூரமிட்டு நிற்கும்போது என்ன சொல்ல வேண்டும்? அலைவரிசைகளுக்காவது எழுதப்பட்ட விதி இருக்கிறது: வானொலிக்காக உலகம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; 7 மெகாஹெர்ட்ஸ் பட்டை அமெரிக்கக் கண்டங்களை உள்ளடக்கிய இரண்டாம் மண்டலத்தில் 7.3 வரை, மற்ற இரு மண்டலங்களில் 7.2 வரை. மண்டலம் மாறினால் வரைபடத்தைப் பார்த்து நானே ஒதுங்கிக்கொள்கிறேன்.

கேப்டனின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். ஹாம் நிலையத்துக்குக் கப்பல் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அது கப்பலின் மற்ற வானொலிக் கருவிகளிலிருந்து தனித்து இயங்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. அப்படி ஒரு தாளைக் காட்டினால் எந்தக் கேப்டனும் யோசித்துப் பார்ப்பார். காட்ட ஒன்றுமில்லாதபோது அவர் மறுக்கிறார். பொறுப்பு முழுவதும் அவர் தலையில் இருக்கும்போது மறுப்பதே முறை. என் ஆன்டெனா கம்பி இரண்டு பயணங்களாகப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது.

ஆகவே, உங்கள் கொடி பறக்கும் கப்பல்களில் எந்தெந்த அயல்நாட்டு உரிமங்களை ஏற்கிறீர்கள், ஆழ்கடலிலும் ஆட்சிக் கடலிலும் துறைமுகத்திலும் குறியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். அனுமதி கிடையாது என்றாலும் அதையே எழுதுங்கள், கட்டுப்படுகிறேன். அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கேப்டனின் மேசையில் வைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடலில் பணிபுரியும் ஒரு ஹாம்