தினசர்யா எல்லோருக்கும் ஒரே அட்டவணை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுர்வேத முறைப்படி ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, நாக்கு வழித்து, எண்ணெய் கொப்பளித்து, மூக்கில் இரண்டு சொட்டு விட்டு, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, உடற்பயிற்சி செய்து, குளித்து, தியானத்தில் உட்கார்ந்து, எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று படங்களோடு போட்டிருந்தீர்கள். நான் ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் பெண்கள் பிரிவில் எண்ணெய்ச் சிகிச்சை செய்பவள். வைத்தியர் சீட்டில் எழுதுவதை நோயாளியின் உடம்பில் செய்வது எங்கள் கைதான். கட்டுரை வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் என்னை எழுத வைத்தன.

கட்டுரையில் இருந்தது எதுவும் கட்டுக்கதை இல்லை. பெரும்பாலும் வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திர ஸ்தானம் என்ற முதல் பகுதியின் 2-ஆம் அத்தியாயத்தில் உள்ளவைதான். அந்த அத்தியாயத்துக்கே தினசர்யா, அதாவது அன்றாட நடைமுறை, என்றுதான் பெயர். ஆனால் இன்னது செய் என்று சொல்லும் அதே நூல், யார் செய்யலாம், யார் கூடாது, எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் பக்கத்தில் முதல் பாதி மட்டும் வந்தது. இடம் போதவில்லையோ என்னவோ.

முதலில் அந்த நாலரை மணி. நூல் சொல்வது பிரம்ம முகூர்த்தம். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், அதாவது 96 நிமிடத்துக்கு முன்னால் அது தொடங்குகிறது. சரி, ஆறு மணிக்கு உதயம் என்றால் நாலரை வாக்கில்தான் வரும். ஆனால் எழ வேண்டியவர் யார்? 'ஸ்வஸ்தன்', அதாவது ஆரோக்கியமாக இருப்பவர் எழட்டும் என்றுதான் அந்த வரியே சொல்கிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் இரண்டு தடவை பால் கொடுக்க எழுந்த தாய்க்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் சொன்னதில்லை. போன மாதம் கைக்குழந்தைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், பேசும்போதே கொட்டாவி. "நாலரைக்கு எழ முடியல அக்கா, அதனால எதையுமே ஆரம்பிக்கல" என்றாள். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, இப்போதைக்கு உன் தினசர்யா அதுதான் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

இரவுப் பணிக்காரர்களுக்கும் நூலில் வழி இருக்கிறது. 7-ஆம் அத்தியாயத்தில் தூக்கத்தைப் பற்றிய பகுதியில், பழக்கமில்லாமல் ராத்திரி கண்விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியைக் காலையில் தூங்கி ஈடுகட்ட வேண்டும், அதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் என்று இருக்கிறது. ஆறு மணி நேரம் விழித்தால் மூன்று மணி நேரம், வெறும் வயிற்றில். எங்களிடம் வருகிற செவிலியர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பணி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பது, அப்புறம் நெஞ்செரிச்சல் என்று வருவது. இப்படிப்பட்டவர்களுக்கு உங்கள் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. பகலில் தூங்குவதே பாவம் என்பது போல ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதே 7-ஆம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. பழகிப்போன கெட்ட வழக்கத்தைக் கால் கால் பங்காகக் குறை, அதுவும் முடியாவிட்டால் காலில் காலாகக் குறை என்கிறது. நல்ல பழக்கத்தையும் அதே மாதிரி கால் காலாக, நடுவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளி விட்டுத்தான் சேர்க்கச் சொல்கிறது. காலில் கால் என்றால் நம் பழைய கணக்கில் வீசம். ஒரு பழக்கத்தை வீசம் வீசமாக மாற்றலாம் என்று எழுதி வைத்த நூலின் பேரில், ஒரு திங்கட்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு புதுப் பழக்கங்களை ஒன்றாகத் தொடங்கச் சொல்லலாமா? தொடங்குகிறார்கள், வியாழக்கிழமை விட்டுவிடுகிறார்கள். விட்டதற்கு, எனக்கு மனஉறுதி போதாது என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் வைத்தியர் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டே இரண்டுதான் சொல்வார். காலையில் நாக்கு வழிப்பது, ராத்திரி உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பது. அது பழகிவிட்டதா என்று அடுத்த முறை கேட்டுவிட்டுத்தான் மூன்றாவதைச் சேர்ப்பார். நாக்கு வழிக்கச் செம்புதான் வேண்டும் என்று பெட்டியோடு விற்கிறார்கள். இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறது. ஓரம் கூராக இல்லாமல், மெதுவாக உள்ளிருந்து வெளியே வழித்தால் போதும்.

காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது என் தொழில். தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் நூல், தலை, காது, பாதம் இந்த மூன்றிலும் விசேஷமாகத் தேய்க்கச் சொல்கிறது. எண்ணெயை நேராக அடுப்பில் வைக்க வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் எடுத்து, அந்தக் கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்தால் போதிய சூடு வந்துவிடும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்து, கீழே பழைய துண்டு விரித்து, குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கட்டைவிரலால் நீவ வேண்டும். கணுக்காலில் வட்டமாக. குதிகால் வெடிப்பில் ஆழமாகப் புண் இருந்தால் அதன் மேல் அழுத்த வேண்டாம். முடித்ததும் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உள்ளங்காலைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் தரையில் காலை வைக்க வேண்டும். டைல்ஸ் தரையும் எண்ணெய்க் காலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எலும்பு முறிவு வார்டில் கேட்டுப் பாருங்கள். வயதானவர்கள் இதை ராத்திரி கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு செய்வதே நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொன்று. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் எண்ணெய் சுடுவதே தெரியாது. அவர்கள் சூடு படுத்தாமலே தேய்க்கட்டும், விரல் இடுக்கில் ஈரமோ பிசுக்கோ தங்க விடக் கூடாது. பார்த்துத் தேய்த்தால் ஒரு லாபமும் உண்டு, தினமும் பாதத்தைப் பார்ப்பதால் சின்னப் புண்கூடக் கண்ணில் பட்டுவிடும்.

உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பதை எப்போது தவிர்க்க வேண்டும் என்பதும் நூல்களில் இருக்கிறது. சளி கட்டியிருக்கும்போது, சாப்பிட்டது செரிக்காமல் இருக்கும்போது, புதிதாகக் காய்ச்சல் கண்டிருக்கும்போது கூடாது. "உடம்பு வலிக்குது, எண்ணெய் தேய்ச்சு விடுங்க" என்று காய்ச்சலோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு வாடிக்கை. கோபித்துக்கொண்டுதான் போவார்கள். அதேபோல, குளிக்கும்போது கழுத்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றினால் பலம், தலைக்கு ஊற்றினால் கண்ணுக்கும் முடிக்கும் கேடு என்கிறது அந்த 2-ஆம் அத்தியாயம். உங்கள் படத்தில் ஷவரிலிருந்து ஆவி பறக்க அந்தப் பெண் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள்!

எண்ணெய் கொப்பளிப்பதற்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தீர்கள். நூல் கடிகாரம் பார்க்கச் சொல்லவில்லை. வாயில் நீர் நிறைந்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் கசியும் வரை என்று உடம்பு காட்டும் அடையாளத்தைச் சொல்கிறது. பலருக்கு அது சில நிமிடத்திலேயே வந்துவிடும். துப்புவதை வாஷ்பேசினில் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பல் துலக்குவதற்கு இது மாற்றும் இல்லை. உடற்பயிற்சிக்கும் அப்படித்தான், இத்தனை நிமிடம் என்று கணக்கில்லை. பலத்தில் பாதி வரைதான். மூச்சு வாய் வழியாக வர ஆரம்பித்தால் பாதி பலம் செலவாகிவிட்டது, நிறுத்திக்கொள் என்று பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் எளிதாகச் சொல்லிவிட்டார்.

மூக்கில் எண்ணெய் விடும் விஷயத்தில்தான் எனக்குப் பயம். இதைப் படிக்கிற பாட்டிமார்கள் தங்களுக்கு விட்டுக்கொள்வதோடு நிற்க மாட்டார்கள், பேரக் குழந்தைக்கும் விடுவார்கள். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய் ஒருவகை நிமோனியா வரும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். ஆயுர்வேதம் அதற்கு ஆதரவு என்று நினைத்தால் தப்பு. 7 வயதுக்குக் கீழும் 80 வயதுக்கு மேலும் நஸ்யம், அதாவது மூக்கில் மருந்து விடும் சிகிச்சை, கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயம் 20-ஆம் அத்தியாயம் தெளிவாகத் தடுக்கிறது. பெரியவர்களுக்கும் சாப்பிட்ட உடனே, தலைக்குக் குளித்த உடனே, புதுசாய்ச் சளி பிடித்திருக்கும்போது கூடாது. எங்கள் மருத்துவமனையில் வைத்தியர் பார்க்காமல் யாருக்கும் நாங்கள் நஸ்யம் செய்வதில்லை.

கட்டுரையில் வராத ஒன்று, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது, வேகங்களை, அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களை, அடக்காமை. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்று 13 வேகங்களைப் பட்டியல் போட்டு, அவற்றை அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்று 4-ஆம் அத்தியாயம் சொல்கிறது. அடக்க வேண்டியவை பேராசை, பொறாமை, வெறுப்பு போன்றவையாம். நாம் நேர்மாறாக நடக்கிறோம். என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஆசிரியைகள், துணிக்கடைப் பெண்கள் பாதிப் பேருக்குச் சிறுநீரை அடக்குவதுதான் தினசர்யா. கழிப்பறை சரியில்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சாயங்காலம் தலைவலி, அடிவயிற்றில் எரிச்சல். இவர்களுக்கு நாலரை மணித் தியானத்தைவிட, வேலை செய்யும் இடத்தில் பூட்டிக்கொள்ளக் கதவும் தண்ணீர் வரும் குழாயும் உள்ள ஒரு கழிப்பறைதான் முதல் ஆயுர்வேதம். நலவாழ்வு பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுதலாமே.

கடைசியில் சூரணம், லேகியம் என்று ஒரு பட்டியல் இருந்தது. பழக்கம் வேறு, மருந்து வேறு. சில ஆயுர்வேத மருந்துகளின் பெட்டியில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணையில் உள்ள நச்சுச் சரக்குகள் சேர்ந்தவற்றுக்கு அப்படிப் போட்டாக வேண்டும் என்பது விதி. அதைத் திருப்பிப் பார்த்துப் படிக்கிறவர்கள் குறைவு. ரத்த அழுத்தத்துக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதைக் கொடுக்கும் மருத்துவரிடம் சொல்லாமல் எந்தச் சூரணத்தையும் தொடங்க வேண்டாம்.

என் தினசர்யா என்ன என்று கேட்பீர்கள். ஐந்தரைக்கு எழுகிறேன். வெந்நீர், கழிப்பறை, நாக்கு, பல், அப்புறம் சமையலறை. நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் முதுகைத் தேய்ப்பதால் ராத்திரி என் தோளுக்கும் பாதத்துக்கும் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை முழு எண்ணெய்க் குளியல், அதுவும் வீட்டில் விருந்தாளி இல்லாவிட்டால். தியானத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்து இப்படி ஒரு கட்டுரை போடும்போது, பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் காட்டி, யார் செய்யக் கூடாது என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள். இரவுப் பணிக்காரர்களுக்கு என்று தனியாக ஒன்று எழுதச் சொல்லுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் படத்தை மறுபடி வெளியிட்டால், 7 வயதுக்குக் கீழ் கூடாது என்பதைப் படத்தின் மேலேயே அச்சிட்டுவிடுங்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

இப்படிக்கு,
ஆயுர்வேதச் சிகிச்சை உதவியாளர் ஒருவர்
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்)