வைரஸும் ஒரு மதிப்பெண்ணும்

ஆசிரியருக்கு வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் வைரஸை 'உயிரற்ற துகள்' என்று தீர்த்துச் சொன்ன கட்டுரை, இன்னும் விவாதத்தில் உள்ளதை முடிந்த முடிவாக்கிவிட்டது. 1935-இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கினார் என்பதும், புரதம் தயாரிக்கும் செல் உறுப்பான ரைபோசோம் இல்லாத அது தானாகப் பெருகாது என்பதும் உண்மையே. ஆனால் அப்படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தபோது மீண்டும் தேமல் படர்ந்ததே, அதை எந்த உப்பு செய்யும்? 2003-இல் அறிவிக்கப்பட்ட மிமிவைரஸ் என்னும் பெரிய வைரஸிடம் புரதத் தயாரிப்புக்கு உதவும் மரபணுக்கள் சிலவும் உண்டு.

எங்கள் பள்ளித் தோட்டத்தில் வைரஸ் தாக்கி நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் பின்னிய வெண்டை இலையைக் காட்டியபோது, "உயிரில்லாதது எப்படி ஐயா இப்படிப் பெருகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வைரஸ் உயிருள்ளதா என்பதை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்காமல், காரணம் காட்டி வாதிடும் ஐந்து மதிப்பெண் வினாவாகத் தேர்வுத்துறை வைக்கலாம்.

- உயிரியல் ஆசிரியர், தேனி